பார்லர் பெஞ்சில் கிடந்த புத்தகங்கள்

அழகுக்கென்றே வந்துகொண்டிருந்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாக அச்சை நிறுத்திக்கொண்டிருக்கின்றன. 1991ல் லிண்டா வெல்ஸ் அமெரிக்காவில் தொடங்கிய 'அல்யூர்', 2022 டிசம்பர் இதழோடு காகிதத்துக்கு விடை கொடுத்தது. அதே வருஷத் தொடக்கத்தில் 'இன்ஸ்டைல்' நின்றது. 'கிளாமர்' 2019லேயே மாதாமாதம் அச்சடிப்பதை விட்டிருந்தது. நம் பக்கம் 2020ல், ஊரடங்கில் ரயில் ஓடாமல் கடை திறக்காமல் கிடந்தபோது, கல்கியும் மங்கையர் மலரும் அச்சை விட்டு இணையத்துக்குப் போயின. இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம், வடசென்னைத் தண்டையார்பேட்டையில் சித்தி நடத்திய பார்லரும் அங்கே பெஞ்சில் கிடந்த புத்தகங்களும் எனக்கு ஞாபகம் வந்துவிடும். அந்தப் புத்தகங்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. நானே எழுதிவிடுகிறேன்.

பார்லர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குடியிருக்கும் வீட்டின் முன்ரூம்தான் பார்லர். ஒரு சுழல் நாற்காலி, மேலே ட்யூப்லைட் மாட்டிய கண்ணாடி, த்ரெடிங் நூல்கண்டு, ஸ்டீல் டப்பாவில் பிளீச் பவுடர். வாசலையொட்டி ஒரு மர பெஞ்ச். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்துவிட்டால் அந்த பெஞ்சில் இடமே கிடைக்காது. எம்.சி. ரோட்டில் கல்யாணத் துணி எடுத்துவிட்டு நேராக வருகிறவர்கள் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெஞ்சின் ஓரத்தில் அடுக்கி வைத்த புத்தகங்கள் அவர்கள் காத்திருக்கும் நேரத்துக்கானவை. எங்கள் பக்கத்தில் அதைப் பத்திரிகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புக்குதான். "அந்த புக்கை இப்படித் தள்ளு."

அந்த அடுக்கில் ராணி கட்டாயம் இருக்கும். தினத்தந்தி வீட்டிலிருந்து 1962ல் கிளம்பிய வாரப் பத்திரிகை. எங்கள் தெருவில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு பாட்டியும் அதைப் படித்தாள். மங்கையர் மலர் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அவள் விகடன் வந்து சேர்ந்துகொண்டது. இதற்கெல்லாம் நடுவே, 1959ல் தொடங்கிய ஆங்கில ஃபெமினா பழைய இதழ்களாக நாலைந்து கிடக்கும். அதன் ஆங்கிலத்தைப் படிக்க அங்கே ஆள் குறைவு. ஆனால் முதலில் கை போவது அதற்குத்தான். 1994ல் சுஷ்மிதா சென் மிஸ் யுனிவர்ஸ், ஐஸ்வர்யா ராய் மிஸ் வேர்ல்ட் என்று ஒரே வருஷத்தில் இரண்டு கிரீடம் வந்தது. இரண்டு பேருமே ஃபெமினா மிஸ் இந்தியா போட்டி வழியாகப் போனவர்கள். அப்புறம் வெகு காலத்துக்கு எங்கள் பார்லரில் அட்டைப்படத்தில் விரலை வைத்து "புருவம் இந்த மாதிரி வேணும்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சித்தி படத்தைப் பார்ப்பார், கேட்டவளின் நெற்றியைப் பார்ப்பார், "உனக்கு இது வராதும்மா, உனக்கு எது வரும்னு நான் போட்டுக் காட்டறேன்" என்பார்.

புதுசாகக் காசு கொடுத்து வாங்கிய இதழ்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பல கை மாறி வந்தவை. சைக்கிள் கேரியரில் பைகட்டி வீடு வீடாகப் புத்தகம் கொடுத்து, அடுத்த வாரம் வந்து மாற்றிக்கொண்டு போகும் லைப்ரரிக்காரர் ஒருவர் வருவார். மாதக் கட்டணம் வாங்கிக்கொள்வார். இதழ் ரொம்ப நைந்துபோனால் "வெச்சிக்கம்மா" என்று விட்டுவிடுவார். பாரீஸ் கார்னர் நடைபாதையில் கொஞ்சம் கிடைக்கும். அம்மா காலத்தில் பழைய புத்தகம் என்றால் மூர் மார்க்கெட். 1985ல் அது எரிந்துபோன பிறகு கடைக்காரர்கள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள். சித்தி வளையலும் பொட்டும் மொத்தமாக வாங்கச் சவுகார்பேட்டை போகும் நாளில், வரும் வழியில் இறங்கி ஒரு கட்டு வாங்கி வருவார். எல்லாவற்றையும் விட, தெருமுனைக் காயலான் கடை இருந்தது. பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் எடுக்கிற கடைக்காரர், பொம்பளைங்க புக்கு எடைக்கு வந்தால் தனியாக எடுத்து வைப்பார். எடைக்கு வந்த விலைக்கே சித்திக்குக் கொடுத்துவிடுவார்.

அதனால் பெஞ்சில் இருந்தது எப்போதுமே பழைய செய்திதான். போன தீபாவளிக்கான முகப்பூச்சை இந்தச் சித்திரையில் படிப்போம். அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

அச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலர் அச்சு என்பது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுவது. கொஞ்சம் விலகினால் அச்சகத்தில் ரிஜிஸ்டர் விலகிடுச்சு என்பார்கள். சாணித்தாளில் வேகமாக ஓடும் வாரப் பத்திரிகைகளில் இது அடிக்கடி நடக்கும். நடிகையின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டுக் கன்னப் பக்கம் தள்ளி நிற்கும். கண்மை இமைக்கு மேலே தனிக்கோடாகப் போகும். சின்ன வயதில் நான் அந்தப் படங்களை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்ப்பேன். முகம் காணாமல் போய்ப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கன்னம் என்று நினைத்தது மஞ்சள் புள்ளியும் மெஜந்தாப் புள்ளியும்தான். அழகு என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்கிறார் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்துபோனதற்கு அந்த மட்டமான அச்சுதான் காரணம். இன்றைய போன் திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தப் புள்ளி கிடைப்பதில்லை. தோல் தோலாகவே இருக்கிறது, துளை கூட இல்லாமல்.

வழுவழுத் தாளின் கதை வேறு. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர், துறைமுகத்தில் இறங்கி வீட்டுக்கு வரும்போது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கொண்டுவந்தார். கனமென்றால் அப்படி ஒரு கனம். அதன் உள்ளே ஒரு பக்கத்தின் ஓரம் மடித்து ஒட்டியிருந்தது. பிரித்தால் சென்ட் வாசனை. பர்மா பஜாரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருந்த ஃபாரின் சென்ட், காகிதத்தில். அது எப்படி என்று தெரிந்துகொண்டது பிற்பாடு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்களுக்குள் வாசனை எண்ணெயை அடைத்து, பசையோடு தாளில் தடவி மடித்துவிடுகிறார்கள். பிரிக்கும்போது குமிழ் உடைகிறது. இந்த நுட்பத்தை 1950களில் ஒரு கல்லாப்பெட்டிக் கம்பெனி, கார்பன் தாள் வைக்காமல் நகலெடுக்கும் காகிதத்துக்காகக் கண்டுபிடித்தது. அதே குமிழுக்குள் மைக்குப் பதில் சென்டை வைத்தார்கள். 1980களில் 'ஜார்ஜியோ' என்ற அமெரிக்க சென்ட் இப்படியே பத்திரிகை வழியாக ஊர் முழுக்கப் பரவியது.

எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அந்த ஒரு பட்டையை நாங்கள் சந்தில் இருந்த அத்தனை பெண்களும் மணிக்கட்டில் தேய்த்தோம். முதலில் தேய்த்தவளுக்கு வாசனை நன்றாக ஒட்டியது. கடைசியில் தேய்த்தவளுக்குக் காகிதம்தான் மிச்சம். அவள் அழுததும், பக்கத்து வீட்டு அக்கா தன் மணிக்கட்டை அவள் மணிக்கட்டோடு வைத்துத் தேய்த்துவிட்டதும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பட்டையை நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். மெட்ரோ வாட்டர் லாரியில் பிடித்த தண்ணீரும் சோடா உப்பும் போட்டுத் துவைத்த துணி, ஒரு மாதம் வரை வேறு யாருடையதோ என்று தோன்றும்படி மணத்தது.

தண்ணீர் என்றதும் அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் இருந்த எழுத்துகளுக்கு வந்தாக வேண்டும். நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயமே அதுதான்.

அழகுக் குறிப்பு எழுதுகிறவர் எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிறார். "முகத்தைக் குளிர்ந்த நீரில் நன்கு அலம்பவும்" என்று முடிப்பார். எங்கள் அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர், சில நாள் மஞ்சளாகக்கூட வரும். தலைக்கு ஊற்றினால் முடி சிக்கி நார் நாராகிவிடும். அதனால் சித்தி பால்பாயிண்ட் பேனாவால் அந்த வரிக்குப் பக்கத்தில் "லாரித் தண்ணி மட்டும்" என்று எழுதி வைப்பார். ஃபெமினாவில் ஸ்ட்ராபெரி மசித்துப் போடு என்று படத்தோடு இருக்கும். படித்துச் சொல்லத் தெரிந்த காலேஜ் அக்கா அதன் மேலேயே "தக்காளி / பப்பாளி" என்று எழுதியிருப்பாள். பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா மொட்டு சேர்த்து அரைக்கும் ஒரு குளியல் பொடிக் குறிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மட்டும் மூன்று கையெழுத்து. சித்தியுடையது: "கஸ்தூரி மஞ்சள் பாதி போதும்." அதன் கீழே யாரோ ஒருவர், பச்சை மையில்: "என் பொண்ணுக்கு எரிந்தது." அதற்கும் கீழே பென்சிலில், நடுங்கும் எழுத்தில், அநேகமாக ஒரு பாட்டி: "மில்லில் மிளகாய் அரைத்த பிறகு அரைக்கக் கூடாது." பச்சை மைக்காரருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த மூன்று பேரும் ஒரே நாளில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவே வாய்ப்பில்லை. பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறையும், அதன் மேல் ஒரு கட்டைவிரல் ரேகையும் இருந்தன. மாவு மில் பெஞ்சில் வைத்துப் படித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் அதே பக்கம் என்பதால்தான் இது நடந்தது. ராயபுரத்துப் பெண்ணும் கொடுங்கையூர்ப் பெண்ணும் ஒரே குறிப்பைப் படித்தார்கள். ஒத்துக்கொண்டார்கள், எதிர்த்தார்கள், திருத்தினார்கள். புத்தகம் சொன்னதே முடிவு என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

இந்தப் புத்தகங்கள் எங்களுக்குச் செய்த கெடுதலையும் சொல்லாமல் விட முடியாது. சிவப்பழகு பற்றிய குறிப்பு இல்லாத இதழ் அப்போது கிடையாது. வாசகியர் கேள்வி பதில் பகுதியில் "எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நிறம் மட்டு, என்ன செய்யலாம்?" என்கிற தினுசில் ஒரு கேள்வி இல்லாமல் இருக்காது. பக்கத்தைத் திருப்பினால் ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம். 1975ல் வந்த அந்த கிரீம் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உட்கார்ந்து காசு பார்த்தது. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பார்லருக்கு வரும் பெண்கள், வெயிலில் உழைக்கிற வீட்டுப் பெண்கள், தங்கள் தோலை ஒரு நோய் மாதிரிப் பார்க்கப் பழகியதில் அந்தப் பக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஒருமுறை ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்களாம். கையோடு ஒரு இதழ், ஒரே வாரத்தில் நிறம் கூட்டும் குறிப்பில் மடக்கி வைத்திருந்தார். இதையே செய்துவிடு என்று சித்தியிடம் நீட்டினார். அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி வாங்கிப் படித்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "ஏன்கா, இத்த எழுதுனவங்க உன் பொண்ணு மூஞ்சிய பாத்தாங்களா? நான் பாத்துட்டேன். கண்ணு எவ்ளோ அழகா இருக்கு பாரு. மை வெச்சு வுடறேன், நீ சும்மா குந்து." பெஞ்சிலிருந்த மற்ற பெண்களும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். சிலர் அந்த அம்மா பக்கம்தான் பேசினார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரன் பார்ப்பானே என்று. பெரிய வாக்குவாதம். ஐடெக்ஸ் மை டப்பாவைத் திறந்து, பெண்ணின் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே சித்தி எல்லோருக்கும் பதில் சொன்னார்.

இப்போது போனில் வருவதற்கும் அந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எழுதினவர் உன் முகத்தைப் பார்த்தாரா என்று சித்தியால் கேட்க முடிந்தது. போன் பார்த்திருக்கிறது. எந்த வீடியோவில் விரல் நின்றது, எந்தப் பருவைப் பெரிதாக்கிப் பார்த்தோம், ராத்திரி எத்தனை மணிக்கு எதைத் தேடினோம் என்று எல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டு, அந்த இடத்திலேயே தொடுகிறது. என் அக்கா மகளுக்கு வருவது எனக்கு வராது. அவள் தோழிக்கு வருவது அவளுக்கு வராது. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால், ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண்கள் ஆளுக்கொரு முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவளிடம் "இது எரியும்டி" என்று சொல்ல, அவள் பார்ப்பது என்ன என்றே தெரியாது. கமென்ட்டில் ஆயிரம் பேர் பேசுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் அவர்களுக்கு நம் தண்ணீர் தெரியாது.

இன்னொன்று, பத்திரிகைக்கு ஆசிரியர் என்று ஒருவர் உண்டு. அவரைத் திட்டிக் கடிதம் போடலாம். அவர் மனசு மாறினால் அது எல்லோருக்கும் ஒரே நாளில் தெரியும். 2017ல் அல்யூர் பத்திரிகை, முதுமையை எதிர்க்கும் கிரீம் என்ற பாணியில் இனி எழுத மாட்டோம் என்று அறிவித்தது. எழுபது வயதைத் தாண்டிய நடிகை ஹெலன் மிரனை அட்டையில் போட்டுச் சொன்னது. நம் ஊரிலும் மாற்றம் வந்தது, மெதுவாக. சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013ல் நடிகை நந்திதா தாஸ் அதில் குரல் கொடுத்தபோதுதான் பரவலாகப் பேசப்பட்டது. 2014ல் விளம்பரத் தர அமைப்பு, கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி போட்டது. 2020ல் அந்த கிரீம் தன் பேரிலிருந்தே 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்து 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. யாரிடம் சண்டை போடுவது என்று தெரிந்திருந்ததால் சண்டை போட முடிந்தது. ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறாக ஓடும் ஃபில்டரிடம் யார் போய்க் கேட்பது?

போன் கொடுத்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் எது பொருந்தும் என்று, எங்கள் நிறத்திலேயே இருக்கும் ஒரு பெண் தமிழில் போட்டுக் காட்டுவதை நான் எந்த இதழிலும் பார்த்ததில்லை. தோல் டாக்டர்கள் வந்து, மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கிரீம் தோலை மெலிய வைத்து முகத்தைக் கெடுத்துவிடும் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த கிரீமால் முகம் சிவந்து வெந்துபோன பெண்களை எனக்குத் தெரியும். அப்போது இதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அச்சு ஏன் நின்றது என்பதில் பெரிய மர்மம் இல்லை. விளம்பரம் போனுக்குப் போனது. இதழின் விலை எப்போதுமே தாளுக்கும் அச்சுக்கும் கட்டாது, விளம்பரம்தான் தாங்கியது. ஊரடங்கில் கடைகளும் போக்குவரத்தும் நின்றன. பார்லர் மூடியது, டாக்டர் வரவேற்பறையில் புத்தகத்தைத் தொடப் பயந்தார்கள். 2022ல் உக்ரைன் போர் வந்ததும் பத்திரிகைத் தாள் விலை ஏறியது. சித்திக்கும் முட்டி வலி வந்து பார்லரை விட்டுவிட்டார். பெஞ்ச் இப்போது மாடியில், துளசித் தொட்டி வைக்க.

புத்தகங்களில் பாதி எங்கே போனது என்று தெரியவில்லை. மிச்சம் பரணில் இருந்தது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். அக்கா மகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். படங்களில் அவளுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஓரத்து எழுத்துகளைத்தான் சத்தமாகப் படித்தாள். "இது யாரு? இது யாரு?" என்று கேட்டாள். சித்திக்குச் சிலரைத் தெரிந்தது. பச்சை மைக்காரரைத் தெரியவில்லை. எலுமிச்சைச் சாறு தடவும் ஒரு குறிப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. எலுமிச்சை தடவிய தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும் என்றாள். உண்மைதான், அது மருத்துவமே சொல்கிற விஷயம். பேனா கேட்டாள். சித்தி எடுத்துக் கொடுத்தார். "இதைப் போட்டுட்டு வெயில்ல போகவே கூடாது" என்று அந்தப் பக்கத்தில் எழுதினாள், தேதியோடு.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம் பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள பிரதிகள் அங்கே பத்திரமாக இருக்கும், எனக்கு அதில் கவலை இல்லை. கிறுக்கிய பிரதிகளைப் பற்றித்தான் கவலை. உங்கள் வீட்டுப் பரணிலும் பீரோவுக்கு அடியிலும் எண்பதுகள், தொண்ணூறுகளின் பெண்கள் இதழ்கள் கிடந்தால், காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் எழுத்து இருந்தால் எடுத்து வையுங்கள். கோலப் பக்கத்தை வெட்டியிருந்தாலும் பரவாயில்லை, அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுதினவர்கள் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பெயரைப் பென்சிலில் குறித்து வையுங்கள். சித்திக்கு வயதாகிறது. எங்கள் வீட்டுப் பிரதிகளில் இருக்கும் கையெழுத்துகளை இந்த வருஷத்துக்குள் அவரிடம் கேட்டு எழுதி முடித்துவிட வேண்டும் என்று நானும் அக்கா மகளும் உட்கார்ந்திருக்கிறோம்.